சந்துக்குள் மாட்டிய சபை மேசை

இதில் நான் சொல்லப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. போன வருடம் புரை எடுத்த என் இடது கண்ணின்மேல் சத்தியம். வலது கண்ணின்மேல் சத்தியம் செய்வதற்கில்லை. அது காட்டுவதை இப்போதெல்லாம் நானே நம்புவதில்லை. பேருந்தில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எத்தனையோ பேர் என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார்கள். அந்த வேலையில் பொய்யை வாங்கித்தான் பழக்கம், விற்றுப் பழக்கமில்லை.

எங்கள் சந்து ஒரு காலத்தில் எல்லைக்கோடாக இருந்தது. இடப்பக்கச் சுவர் மேற்கு உள்ளாட்சிச் சபையைச் சேர்ந்தது, வலப்பக்கச் சுவர் கிழக்குச் சபையைச் சேர்ந்தது. நடுவில் ஓடிய சாக்கடை இரண்டு சபைக்கும் சொந்தமில்லை. ஆகவே அது யாருடைய தொந்தரவும் இல்லாமல் நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மேலிடத்தில் இருப்பவர்களுக்கு உள்ளாட்சியைச் சீரமைக்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டு சபைகளையும் ஒன்றாக்கினார்கள். தேர்தல் வைத்தார்கள். யாரோ வழக்குப் போட, சேர்த்தது செல்லாது என்று பிரித்தார்கள். தேர்தல் வைத்தார்கள். பிரித்த விதம் சரியில்லை என்று வட்டாரங்களைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கினார்கள். தேர்தல். வட்டார எண்களை மேற்கிலிருந்து தொடங்குவதா, கிழக்கிலிருந்து தொடங்குவதா என்பதற்காகவே ஒரு தேர்தல் நடந்தது. கடைசியில் எல்லாரும் களைத்துப்போய், சரி, ஒன்றாகவே தொலையட்டும் என்று மறுபடி சேர்த்தார்கள். அதற்கும் தேர்தல்.

ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கும் மை அழிவதற்குள் அடுத்த ஓட்டு வந்துவிடும். ஒரு விரல் கறுத்திருந்தால் பக்கத்து விரலில் வைப்பார்கள். இப்படியே போய்க் கைவிரல்கள் தீர்ந்துவிட்டபோது, வாக்குச்சாவடி அலுவலர் என் மனைவியிடம் கால்விரலை நீட்டச் சொன்னார்.

"நீட்டறேன். குனிஞ்சு வைக்க உங்களால முடியுமா?" என்றாள் அவள்.

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சற்று யோசித்தார். "போயிட்டு வாங்கம்மா. உங்களை எனக்கு ஞாபகம் இருக்கும்" என்றார்.

விரல்கள்கூடத் தாங்கிக்கொண்டன. சுவர்களால்தான் முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் சுவரில் பெயர் எழுதும் ஆள் ஒருவன்தான். அவனை ஏணி என்போம். தோளில் ஏணி இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் பழைய பெயர்களை மறைத்துச் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் புதுப் பெயர்களையும் சின்னங்களையும் எழுதுவான். சுண்ணாம்பு தண்ணீராக இருந்தால் போன தடவை தோற்றவர் பெயர் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். ஜெயிக்கப் போகிறவருக்கு அது பிடிக்காது. ஆகவே ஏணி கெட்டியாகவே அடிப்பான். ஒரு தேர்தலுக்கு ஒரு விரல் தடிமன். இரண்டு சுவருக்கும் சேர்த்து இரண்டு விரல். சபைகள் தனித்தனியாக இருந்தபோது மேற்கு வேட்பாளர்கள் ஒரு சுவரோடு நின்றார்கள், கிழக்கு வேட்பாளர்கள் மறு சுவரோடு நின்றார்கள். ஒன்றான பிறகு எல்லாரும் இரண்டு சுவரிலும் எழுதினார்கள்.

இப்படிச் சந்து குறுகிக்கொண்டே வந்தது. முதலில் குடையை விரிக்க முடியாமல் போனது. பிறகு சைக்கிளின் கைப்பிடி இடித்தது. பிறகு எல்லாரும் பக்கவாட்டில் நடக்கப் பழகிக்கொண்டோம். வீட்டு வாசல்கள் குகை மாதிரி உள்ளே போய்விட்டன. எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் பின்வாங்கியாக வேண்டும். வந்தவர்களில் ஒருவர் வேட்பாளர் என்றால் அவர்தான் பின்வாங்குவார். ஓட்டு எண்ணி முடித்த மறுநாளிலிருந்து நாம் பின்வாங்குவோம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, தானாகவே அமைந்த ஒழுங்கு.

இந்தச் சந்தின் கடைசியில், வழி முட்டி நிற்கிற இடத்தில், என் மனைவியின் தம்பியின் வீடு. தச்சு வேலை. முன்னறை பட்டறை, பின்னறை சமையலறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு திரை. ஆயுள் முழுக்க முக்காலியும் சன்னல் கதவும் செய்து வந்தவர். அவரிடம் ஒருநாள் புதிதாக வந்த ஆணையாளர் நேரில் வந்தார். ஆணையாளர் தூக்கம் போதாத மனிதர்; கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் பேசுவார்.

"சேர்ந்த சபைக்கு ஒரு மேசை வேணும். எல்லா உறுப்பினரும் சுத்தி உக்காரணும். ஒரே துண்டா இருக்கணும்" என்றார்.

"ஒரே துண்டான்னா?"

"நடுவுல மூட்டு தெரியக்கூடாது. தெரிஞ்சா, இந்தப் பக்கம் எங்களுது அந்தப் பக்கம் உங்களுதுன்னு ஆரம்பிச்சிடுவாங்க."

"மேசைன்னா ஓரம் இருக்குமே சார். ஓரத்துக்குச் சண்டை வந்தா?"

"ஓரத்தை நான் பாத்துக்கறேன். நீங்க நடுவைப் பாத்துக்கங்க."

தேர்தல் முடிந்து முதல் கூட்டம் நடக்கும்போது மேசை மண்டபத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு மேசை வாங்கிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு ஆணையாளர் பக்கவாட்டில் திரும்பிப் போனார்.

மச்சான் வேறு எந்த வேலையையும் ஒப்புக்கொள்ளவில்லை. "அத்தான், நான் செத்துப்போனாலும் என் முக்காலி எந்த வீட்டு மூலையிலயோ கிடக்கும், எவனுக்கும் தெரியாது. இது சபை நடுவுல நிக்கும்" என்றார். பலகைகளை இழைத்து, ஒட்டி, மறுபடி இழைத்து, ஒரு மூட்டுகூடக் கண்ணுக்கும் தெரியாமல் விரலுக்கும் தட்டாமல் நீள்வட்டமாக ஒரு மேல்பலகை செய்தார். கால்களைத் தனியாகக் கொண்டுபோய் மாட்டிக்கொள்ளலாம். பலகையை விளிம்பில் நிமிர்த்திச் சந்து வழியாகத் தூக்கிப் போகலாம் என்பது திட்டம். சந்தின் நடுவில் முழங்கை மாதிரி ஒரு வளைவு இருக்கிறது. பலகை அதில் திரும்புமா என்று முதலிலேயே அளந்து பார்த்தார். ஒரு கைப்பிடி இடம் மிச்சமிருந்தது.

அளந்தது வேட்புமனுத் தாக்கலுக்கு முன்னால். அதுதான் அவர் செய்த பிழை. எங்கள் ஊரில் தேர்தலுக்கு முன்னால் அளந்தது எதுவும் தேர்தலுக்குப் பின்னால் பொருந்தாது.

மேசை முடிந்தபோது பட்டறை முழுக்க மேசையாகவே இருந்தது. மச்சான் மனைவி சமையலறைக்குப் போக மேசைக்கு அடியில் தவழ்ந்து போனாள். ஒரு கையில் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தவழ அவளைப்போல் இன்னொருத்தியால் ஆகாது.

"அண்ணா, உங்க மச்சானுக்கு நல்ல புத்தி சொல்லுங்க. கல்யாணம் பண்ணி வரும்போது நிமிந்து வந்தேன்" என்று அடியிலிருந்து குரல் வரும்.

"இன்னும் கொஞ்ச நாள்தான் தங்கச்சி. சபைக்குப் போயிடும்" என்பேன்.

"இந்த ஊர்ல எது சபைக்குப் போயித் திரும்பி வந்திருக்கு, எது போயிச் சேர்ந்திருக்கு?" என்பாள். நான் மேசைக்கு மேலே இருந்தபடி தலையசைப்பேன். அது அவளுக்குத் தெரியாது.

பிரச்சாரம் ஓய்வதற்கு முன்தினம் காலையில் பலகையைத் தூக்கினோம். முன்னால் மச்சான், பின்னால் நானும் பக்கத்து வீட்டு ஆட்களும். வளைவு வரை ஊர்வலம் நன்றாகத்தான் போனது. வளைவில் பலகையின் மூக்கு சுவரில் முட்டியது.

"அத்தான், கொஞ்சம் உங்க பக்கம் ஒதுங்குங்க."

"என் பக்கம்னு ஒண்ணு இல்ல மாப்பிள்ளை. சுவர்தான் இருக்கு."

தலைக்கு மேலே ஏணி நின்றுகொண்டு யாருடைய பெயருக்கோ நிழல் கொடுத்துக்கொண்டிருந்தான். "என்ன, மாட்டிக்கிச்சா?" என்றான்.

"நீ அடிச்ச சுண்ணாம்பாலதான்டா!"

"நானா அடிக்கறேன்? ஜனநாயகம் அடிக்குது. நான் கூலிக்கு வர்றேன்."

"இந்த மூலைய மட்டும் சுரண்டி விடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"ஓட்டு எண்ணி முடிக்கற வரைக்கும் எவர் பேர் மேலயும் நகம் படக்கூடாதுன்னு உத்தரவு. எனக்கு மட்டும் ஆசையா என்ன? என் ஏணியே இப்ப செங்குத்தா நிக்குது, சாய்க்க இடமில்ல."

பலகையைப் பின்னோக்கியே தூக்கிக்கொண்டு போய் மறுபடி பட்டறையில் வைத்தோம். வீட்டுக்குப் பின்னால் பெரிய கால்வாய், மேலே மின்கம்பிகள்; வேறு வழியில்லை. என் மனைவி தம்பியைப் பார்த்து, "ரெண்டா அறுத்துத் தள்ளுடா, பாத்துக்கலாம்" என்றாள். அவர் ரம்பத்தை எடுத்தார். பலகையின்மேல் வைத்தார். பிறகு ரம்பத்தைத் துடைத்து மாட்டிவிட்டு, "தண்ணி குடு அக்கா" என்றார்.

தேர்தல் நடந்தது. எங்கள் வட்டாரத்தில் மூட்டை ஜெயித்தார். தானியக் கடைக்காரர். முன்னாலிருந்து பார்த்தாலும் பக்கவாட்டில் பார்த்தாலும் ஒரே அகலம் என்பதால் அந்தப் பெயர். சபைத் தலைவராகவும் அவரையே ஆக்கினார்கள். வேறு யாருக்கும் எழுந்து நிற்கத் தெம்பில்லை. மச்சான் அவர் கடைக்கே போய், இனியாவது சுரண்டலாமா என்று கேட்டார்.

"என் பேரையா? ஜெயிச்ச பேரைச் சுரண்டினா விளங்குமா தம்பி?"

"தோத்தவங்க பேரையாவது?"

"அவங்களைக் கேட்டுப் பாத்தேன். என் பேர் இருக்கற வரைக்கும் அவங்க பேரும் இருக்கணுமாம். தோத்தாலும் ரோஷம் போகல பாரு."

ஆணையாளரிடம் போனோம். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சட்டத்தைப் படித்தார். பொதுச் சுவரைச் சுரண்டச் சபை தீர்மானம் போட வேண்டும். சபையின் முதல் கூட்டம், சேர்ப்பு உத்தரவின்படி, ஒரே மேசையைச் சுற்றித்தான் நடக்க வேண்டும்.

"அப்ப கூட்டம் நடந்தா சுரண்டலாம்" என்றார் மச்சான்.

"மேசை வந்தா கூட்டம் நடக்கும்" என்றார் ஆணையாளர்.

"சுரண்டினா மேசை வரும்" என்றேன் நான்.

மூவரும் தேநீர் குடித்தோம். குடித்து முடிப்பதற்குள் ஆணையாளர் தூங்கிவிட்டார். எழுப்ப மனமில்லாமல் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி கேட்டாள்: "மேசைக்குக் கால் இருக்குல்ல?"

"இருக்கு அக்கா. ஆனா அது நடக்காதே."

"உறுப்பினருங்களுக்கும் இருக்கு. அதை நடக்கச் சொல்லு."

இப்படியாக, சேர்ந்த சபையின் முதல் கூட்டம் எங்கள் சந்தின் கடைசியில் கூடியது. உறுப்பினர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பக்கவாட்டில் வந்தார்கள். ஒல்லியான கிழக்கு ஆட்கள் முதலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மூட்டை வளைவில் மாட்டிக்கொண்டார். முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. அவருக்குப் பின்னால் மேற்கு உறுப்பினர்கள் எல்லாரும் நின்றார்கள்.

"தலைவரே, மூச்சை உள்ள இழுங்க!"

"இழுத்துதான்யா இருக்கேன்! விட்டா வெடிச்சிடும்!"

மச்சான் பட்டறையிலிருந்து மெழுகு கொண்டுபோய் அவருடைய வயிற்றுக்கும் சுவருக்கும் நடுவில் தேய்த்தார். மேற்கு பின்னாலிருந்து தள்ளியது, கிழக்கு முன்னாலிருந்து இழுத்தது. பாட்டில் மூடி கழன்ற மாதிரி ஒரு சத்தத்தோடு தலைவர் இந்தப் பக்கம் வந்தார். அவருடைய சட்டையில் அவருடைய பெயரே கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதிந்திருந்தது. கிழக்கும் மேற்கும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. கடைசிக் காரியமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லாரும் பலகையின் நடுவைத் தடவிப் பார்த்தார்கள். மூட்டு எங்கே என்று தேடுகிறார்கள், எனக்குத் தெரிந்தது. மச்சான் சுவரோடு ஒட்டி நின்று அவர்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் அகப்படவில்லை. அவர் முகத்தில் அன்று பார்த்த களையை நான் அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. தங்கச்சி அடியில் தவழ்ந்து தேநீர் கொண்டுவர, உறுப்பினர்கள் பழக்கப்பட்டவர்கள்போல் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

பொருள் ஒன்றுதான்: சுவரைச் சுரண்டுவது. எந்தச் சுவரை முதலில் என்று கேள்வி வந்தது. இடப்பக்கம் என்றது மேற்கு. வலப்பக்கம் என்றது கிழக்கு. முதலில் சுரண்டினால் மரியாதையா, அவமரியாதையா என்பது தீராததால், சற்று நேரத்தில் மேற்கு வலப்பக்கம் என்றது, கிழக்கு இடப்பக்கம் என்றது. பேசிப் பேசித் தேநீர் தீர்ந்தது. பேச்சும் தீர்ந்தது. வெயில் பட்டறைக்குள் வந்து எல்லார் முகத்திலும் விழுந்தது, ஒருவரும் நகரவில்லை. அப்போது கிழக்கிலிருந்து ஒரு பெரியவர், யாரையும் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னார்:

"பேசாம பிரிஞ்சிடலாமா?"

அந்தச் சபையில் முதன்முதலாக எல்லாரும் ஒருவரை ஒருவர் பாசமாகப் பார்த்தது அந்தக் கணத்தில்தான். மை பிடித்த விரல்கள் எல்லாம் ஒன்றாக உயர்ந்தன. சபையைப் பிரிக்க மேலிடத்தைக் கேட்டுக்கொள்வதெனத் தீர்மானம் நிறைவேறியது. மேலிடம் அதற்காகவே காத்திருந்ததுபோல் மறுநாளே ஒப்புக்கொண்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எங்கள் ஊரில் அந்தக் கூத்தாடியும் களைத்துப் படுத்துவிட்டான்.

"அப்போ மேசை?" என்றார் மச்சான், உத்தரவு வந்ததும் பட்டறையில் மறுபடி கூடியவர்களிடம்.

"பாதி அவங்களுக்கு, பாதி எங்களுக்கு" என்றார் மூட்டை. "எப்பிடியும் பாதியானாத்தான் வளைவுல திரும்பும். உனக்கும் நல்லதுதானே?"

அது உண்மை. அறுத்தால் மேசை வெளியே போகும், பட்டறை திரும்பக் கிடைக்கும், தங்கச்சி நிமிர்ந்து நடப்பாள். மச்சான் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். எடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"எங்க அறுக்கணும்னு சொல்லுங்க."

மூட்டை குனிந்து, கண்ணைச் சுருக்கி, பலகையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினார். "தெரியலையேப்பா" என்றார் உண்மையான வருத்தத்தோடு. "நல்லாப் பண்ணியிருக்கே. அதனாலதான் எங்க அறுக்கறதுன்னே தெரியல."

அதுதான் மச்சானுக்குக் கிடைத்த பாராட்டு. வேறு பாராட்டு வரவில்லை. அவர் தலையசைத்து, நடுவில் ஒரு கோடு போட்டார். ரம்பத்தின் ஒரு முனை அவரிடம், மறு முனை என்னிடம். தூள் இரண்டு பக்கமும் சமமாக விழ வேண்டும் என்று மேற்கிலிருந்து ஒருவரும் கிழக்கிலிருந்து ஒருவரும் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள். ரம்பத்தின் தடிமனுக்குக் காணாமல்போன மரம் யார் பங்கில் சேரும் என்று கேட்டார்கள். "என் பங்குல" என்றார் மச்சான்.

மேற்குப் பாதியை முதலில் தூக்கினோம். பிரிந்த சபைகளுக்குப் புதுத் தேர்தல் அறிவித்துவிட்டார்கள் போலிருக்கிறது, வளைவில் ஏணி வாளியோடு நின்றான்.

"கொஞ்சம் பொறுடா, போயிடறோம்."

"நான் பொறுப்பேண்ணே. சுண்ணாம்பு பொறுக்காது, கரைச்சாச்சு" என்று சொல்லிக்கொண்டே ஒரு பக்கம் அடிக்கத் தொடங்கினான். மேற்குப் பாதி உரசாமல் போனது. கிழக்குப் பாதி போனபோது அதன் விளிம்பு முழுக்க ஈரச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அதைக் கொடுத்துவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது, வளைவில் கையைத் தூக்கிக்கொண்டுதான் நுழைய முடிந்தது.

பட்டறைக்கு வந்தோம். தரையில் மேசை இருந்த இடம் மட்டும், நடுவில் விழுந்த ரம்பத்தூளைத் தவிர, தூசியில்லாமல் இருந்தது. மச்சான் அதன் நடுவில் போய் உட்கார்ந்து, நாலா பக்கமும் பார்த்தார்.

"அத்தான்… எவ்வளவு இடம்!"

"ஆமா மாப்பிள்ளை."

"இனி முக்காலிதான் செய்யணும்."

"முக்காலி எந்த வளைவுலயும் திரும்பும்."

சமையலறைத் திரையை விலக்கிக்கொண்டு தங்கச்சி வந்தாள். தவழ்ந்துதான் வந்தாள். பட்டறையின் நடுவுக்கு வந்தபிறகுதான் மேலே ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"போயிடுச்சா? இனிமே எழுந்தே வரலாமா?"

"வரலாம். எழுந்திரு" என்றார் மச்சான்.

அவள் யோசித்தாள். பிறகு அவர் பக்கத்திலேயே தரையில் சாய்ந்து உட்கார்ந்தாள். "களைப்பா இருக்கு. அப்புறம் எழுந்துக்கறேன்" என்றாள். அந்தத் தரை குளிர்ச்சியாகத்தான் இருந்தது, நானும் உட்கார்ந்துகொண்டேன்.

பொய் விற்றுப் பழக்கமில்லை என்றேனே, இதுதான் என் முதல் விற்பனை: சீரமைப்பு என்று அறிவித்த நாளிலிருந்து இன்றுவரை எங்கள் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் ஒன்றுகூட நடக்கவில்லை.